ஒரு டம்ளர் கருப்பட்டிக் காபிக்காக மொட்டைப்பாறையில் நடந்த யுத்தம்

பனிமலைக்கு அடுப்பு சுமந்து போகிற என் மகனே,

தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு, இருக்கன்குடி மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்து நின்று உன் தகப்பன் செய்கிற சத்தியம் இது: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற கதையை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒரு சீவன் நம்பாது. நீயும் நம்பமாட்டாய். உன் அம்மா இப்போதே நம்பவில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் கட்டி வருசம் திரும்பல, அந்தப் புள்ளைக்கு இந்த மாதிரி கடுதாசி எழுதுற அப்பன் நீங்க ஒருத்தருதான்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு மிளகாய் காயப்போடப் போய்விட்டாள். நம்பாதவர்களுக்குச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, மகனே. எதையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று நீ போனில் கேட்டாய். நீயும் உன் மனைவியும் வடக்கே பனிமலையில் நடக்கப் போகிறீர்களாம், கூடாரம் அடித்துத் தங்கப் போகிறீர்களாம், அங்கே சூடாக ஏதாவது போட்டுக் குடிக்க என்ன கொண்டுபோவது என்று. அத்தோடு ஒரு அடுப்பின் படத்தையும் அனுப்பினாய். உள்ளங்கையில் அடங்குகிற அடுப்பு, அதன் கீழே ஒரு குட்டி கேஸ் டப்பா. ஏதோ டீத்தூள் எத்தனை கரண்டி என்று கேட்கிற மாதிரி லேசாகக் கேட்டுவிட்டாய். மலைமேல் ஒரு டம்ளர் சூடாகக் குடிப்பது என்பது படை நடத்துகிற காரியம். உன் கல்யாணமே அப்படி ஒரு டம்ளரால்தான் நடந்தது. நீ பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே உனக்காக ரத்தம் ஓடியது, மயிர் கருகியது, மனிதனை மனிதன் கடித்தான். கடித்தது நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் தகப்பனின் தொழில் உனக்குத் தெரியும். சிவகாசி அச்சாபீசில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்குப் பெயர் வைக்கிறவன். பற்றவைத்தால் முழங்கால் உயரம்கூட எழாத ஒரு புஸ்வாணத்துக்கு 'அண்டம் பிளந்த அக்கினிச் சிங்கம்' என்று பெயர் வைத்து, அந்தச் சோற்றில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆகவே நான் சொல்வதில் எத்தனை சிங்கம், எத்தனை புஸ்வாணம் என்று பிரித்துக்கொள்வது உன் பாடு.

உன் மாமனார் முதன்முதலில் நம் வீட்டுக்குப் பேச வந்த நாள் உனக்கு நினைவிருக்காது, நீ இல்லை. இருக்கன்குடிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மனிதர். அவர் மீசை வாசலுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் நுழைந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கும் உனக்கும் பிடித்துவிட்டது, இனி என்ன என்று நான் தாம்பூலத்தை எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க வகையறாவுல ஒரு பழக்கம் இருக்கு அண்ணாச்சி. பொண்ணு குடுக்கிறதுன்னா மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைக எங்களோட மொட்டைப்பாறை ஏறணும். மேல எங்க சாமிகிட்ட ஒரு ராத்திரி தங்கணும். விடிஞ்சதும் அங்கனயே கருப்பட்டிக் காபி போட்டு எங்க கையில குடுக்கணும். வாங்கிக் குடிச்சா சம்பந்தம். சூடு இல்லாம இருந்துச்சுன்னா அம்புட்டுத்தான், பேசாம இறங்கி வந்துருவோம்."

"காபிதான? போட்டுருவோம்" என்றேன்.

"எங்க அத்தையைப் பொண்ணு கேட்டு வந்தவுகளும் இப்பிடித்தான் சொன்னாக" என்றார் உன் மாமனார். "அத்தை கடைசி வரைக்கும் கல்யாணம் கட்டல."

ஏன் இப்படி ஒரு பழக்கம் என்று கேட்டேன். வீட்டு அடுப்பில் எவனும் காபி போடுவான், காற்றடிக்கிற பொட்டலில் கூட வந்தவனுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்கத் தெரிந்தவன் வீட்டில்தான் பெண் பசித்துக் கிடக்கமாட்டாள் என்று அவருடைய பாட்டன் சொல்லி வைத்தாராம். அந்தப் பாட்டனை நான் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் அந்த மனிதர் சொன்னதில் தப்பில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகள் என்றால் நானும் உன் தாய்மாமன் சுடலைமுத்துவும். சுடலையை நீ மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், கம்பெனி கேட்டில் பார்த்ததில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அவன் கேட்டில் நின்றால் மின்மினிப் பூச்சிகூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் உள்ளே பறக்கும். ஒரு சித்திரை மாதம் சூரியனையே பார்த்து, "மேகத்தைப் போத்திக்கிட்டு வா, இல்லைன்னா வெளியவே நில்லு" என்று சொல்லியிருக்கிறான், அன்றைக்கு மழை பெய்தது. காலையில் வேன் வந்து நின்றால் இறங்குகிற அத்தனை பேர் மடியையும் தடவி, பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகுதான் உள்ளே விடுவான். நைலான் சட்டை போட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவான், உரசினால் பொறி வரும் என்று. சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் கம்பெனியில் இத்தனை வருசத்தில் ஒரு ஆளுக்கு விரல் நகம்கூடக் கருகியதில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனை கம்பெனிக்காரர்கள் அப்படி நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும் என்று உனக்கே தெரியும்.

தீபாவளிக்குக் கடைசி லோடு லாரி ஏறிய அன்று மத்தியானம், சுடலை கம்பெனியிலிருந்து நேராகவே வந்து சேர்ந்தான். அங்கேயே தொட்டியில் குளித்து, வேட்டி சட்டை மாற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி வேனிலேயே மலையடிக்கு வந்தான். உன் மாமனார் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். மொட்டைப்பாறை என்பது காடு இல்லை. பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு புல் பூண்டு இல்லாத ஒற்றைக் கல். உச்சியில் ஒரு வேல்கம்பு, ஒரு சாமி, ஒரு சுனை. அதன் உயரத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பாதி வழியில் நான் எச்சில் துப்பினேன், அது இன்னும் கீழே விழுந்து சேரவில்லை.

ஏறுவதற்கு முன்னால்தான் அது நடந்தது. வேன் நின்றது, நானும் உன் மாமனாரும் வரிசையாக நின்றோம், சுடலை எதிரே நின்றான். அவ்வளவுதான், அவன் கை தானாகக் கிளம்பிவிட்டது. என் மடியைத் தடவித் தீப்பெட்டியை எடுத்தான். என் பையைத் திறந்து உள்ளே இருந்த இன்னொன்றையும் எடுத்தான். அடுத்து உன் மாமனார் முன்னால் போய், "கையைத் தூக்குங்க" என்றான். சம்பந்தி என்றும் பார்க்காமல் இடுப்பைத் தடவி, வேட்டி மடிப்பிலிருந்து பீடிக்கட்டையும் லைட்டரையும் உருவினான்.

"என்னய்யா, பொண்ணு குடுக்க வந்தவன் மடியைத் தடவுறீக?"

"சட்டை நைலானா அண்ணாச்சி?"

"தெரியல. மகதான் எடுத்துக் குடுத்தா."

"கழட்டிருங்க."

கழற்றினார் மகனே. கரிசக்காட்டு ஜமீன் மாதிரி வந்தவர் வெற்று மார்போடு நின்றார். சுடலையின் குரலில் அப்படி ஒரு கட்டளை இருந்தது, மறுத்துப் பேசத் தோன்றவில்லை. பிடுங்கிய எல்லாவற்றையும் அவன் வேனின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினான். டிரைவர் வேனைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டான். புழுதி அடங்கிய பிறகும் எங்கள் மூவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. ராத்திரிக்குக் கட்டுச்சோறு இருந்தது, நெருப்புக்கு வேலை இல்லை. அச்சாபீசில் கழித்துப்போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றை இரண்டு கல்லில் கட்டிக் கூடாரமாக்கி, அக்கினிச் சிங்கத்தின் திறந்த வாய்க்குக் கீழே படுத்து நிம்மதியாகத் தூங்கினோம்.

விடிந்தது. உன் மாமனார் குளித்துத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்த பாறையில் கை கட்டி உட்கார்ந்தார். நான் மூன்று கல் கூட்டினேன், கீழேயிருந்து சுமந்து வந்த சுள்ளியை அடுக்கினேன், தூக்குவாளியில் சுனைத் தண்ணீரை ஊற்றி வைத்தேன், கருப்பட்டியைத் தட்டினேன், சுக்குப்பொடியையும் காபித்தூளையும் பிரித்தேன். பிறகு மடியில் கை விட்டேன். பையில் கை விட்டேன். மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுடலையைப் பார்த்தேன். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்து கால் கட்டைவிரல் வழியாக வெளியே போவதை என் கண்ணால் கண்டேன்.

"மாப்ள" என்றான் மெல்ல. "தீ வேன்ல போயிருச்சு."

அந்த இடத்திலேயே அவன் கழுத்தைப் பிடித்தேன். ஊரெல்லாம் அடுப்பு எரிய நம் பக்கத்திலிருந்து தீப்பெட்டி போகிறது, நமக்கு ஒரு குச்சி இல்லை. சத்தம் போடாமல் சண்டை போட வேண்டிய நிலைமை, பெண்ணைப் பெற்றவர் பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே மௌனமாக அவன் என் விலாவில் குத்தினான், மௌனமாக நான் அவன் காதைத் திருகினேன், அவன் துண்டு நழுவிப் பாறையில் கிடக்க, மௌனமாக இருவரும் சுனையில் விழுந்து எழுந்தோம். உன் மாமனார் திரும்பாமலே கேட்டார்: "காபி கொதிக்குதா?"

"தண்ணி வச்சிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

ஆகவே மகனே, உன் அடுப்பில் தட்டினால் தீ வருகிற பொத்தான் ஒன்று இருக்கிறது என்று சொன்னாயே, அதை நம்பாதே. குளிரில் அது வேலை செய்யாமல் போகும். உன் பையில் ஒரு தீப்பெட்டி, அவள் பையில் ஒரு தீப்பெட்டி, இரண்டையும் நனையாத பிளாஸ்டிக் பையில் சுற்றி வை. உன் தகப்பன் பட்டது போதும்.

பாறையின் மறுபக்கம் புகை தெரிந்தது. காரியாபட்டியிலிருந்து ஒரு குடும்பம் காதுகுத்துக்கு வந்து, தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தது. அறுபது பேர் இருப்பார்கள், அறுபது பேரும் மல்யுத்தம் பழகியவர்கள். நடுவே இரண்டு அடுப்பு. ஒன்றில் பொங்கல். அடுப்பின் முன்னால் கரண்டியோடு ஒரு அக்கா. அவள் எழுந்து நின்றபோது எங்களுக்கு வெயில் மறைந்தது.

"எந்த ஊரு?"

"சிவகாசிக்கா."

"என்ன வேணும்?"

"கொஞ்சம் தீ வேணும்."

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஏலே, எல்லாரும் இங்கன வந்து பாருங்கலே. ஊரு உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி செஞ்சு அனுப்புறவுக நம்ம அடுப்புல தீ கேட்டு வந்திருக்காக. நாளைக்குக் கடல்காரன் வந்து நம்மகிட்ட உப்பு கேப்பான் போலுக்கு."

அறுபது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஒரு தீக்கங்கு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் சுடலை அங்கே சிரிப்பைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, விறகோடு விறகாகச் சாய்த்து வைத்திருந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது குத்தி முடித்ததும் போடுவதற்கு வாங்கி வந்த சரவெடி. சாக்கின் வாயில் திரி நீட்டிக்கொண்டிருந்தது. சுடலை பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, பொங்கலோடு சேர்த்து அந்த அடுப்பின் மேல் கவிழ்த்துவிட்டான்.

அடுத்து நடந்ததை விவரிக்க எனக்கு ஆயிரம் நாக்கு வேண்டும், அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, அதுவும் கடிபட்டிருந்தது. முதல் கரண்டி சுடலையின் நடுமண்டையில் விழுந்தது, கரண்டி வளைந்தது. இரண்டாவது அடி எனக்கு. என் கடைவாய்ப் பல் ஒன்று தெறித்து, வானத்தில் பறந்த ஒரு கழுகின் மேல் பட்டு, கழுகு மயங்கி விழுந்தது. ஒருவன் என் காலைப் பிடித்துச் சுழற்றினான். சுழலும்போது ஒரு பக்கம் சிவகாசியும் மறுபக்கம் மதுரையும் மாறி மாறித் தெரிந்தன. சுடலையை நாலு பேர் கீழே போட்டு மிதித்தார்கள். அவனோ மிதிபட்டுக்கொண்டே சாக்கை அடுப்பிலிருந்து தள்ளி இழுத்துக்கொண்டு போகிறான். "வெடிப் பையை விடுலே" என்று அவர்கள் இழுக்க, "அடுப்புகிட்ட வைக்காதீகலே" என்று இவன் இழுக்க, சாக்கு ஒரு பக்கம் கிழிய, அவன் உதடு ஒரு பக்கம் கிழிந்தது.

இரைச்சல் கேட்டு உன் மாமனார் பாறை மேலே வந்து நின்றார். நான் சுழன்றுகொண்டே கத்தினேன்: "அண்ணாச்சி, நம்ம ஆளை அடிக்காக. வாங்க."

அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "காபி இன்னும் வரலையே அண்ணாச்சி" என்றார். "அது வர்ற வரைக்கும் நீங்க யாரோ, நான் யாரோ."

அந்த ஒரு சொல் எனக்கு எல்லா அடியையும்விட வலித்தது. மகனே, நான் அப்போது உன்னை நினைத்தேன். அந்தப் பெண்ணின் படத்தை என் போனில் காட்டிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தை நினைத்தேன். பல் போனால் போகட்டும், கங்கு இல்லாமல் இங்கிருந்து நகர்வதில்லை என்று தீர்மானித்தேன்.

சண்டையை நிறுத்தியது அந்த அக்காதான். கிழிந்த சாக்கிலிருந்து சரவெடி உருண்டு வந்து அவள் காலடியில், ஈரச் சாம்பலில் கிடந்தது. அதைப் பார்த்தாள். சாக்கு முதலில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள். தூளியில் தூங்குகிற, காது குத்த வேண்டிய பிள்ளையைப் பார்த்தாள்.

"இதை யாரு இங்கன வச்சது?"

அவள் புருஷன்தான் பதில் சொன்னான். "பனியில நமுத்துருமேன்னு..."

கரண்டி திசை மாறியது. அதற்குப் பிறகு அந்த மனிதன் பட்ட அடியோடு ஒப்பிட்டால் எங்களுக்கு விழுந்ததெல்லாம் தாலாட்டு. அடித்து ஓய்ந்து, மூச்சு வாங்கி, அவளே இரண்டாவது அடுப்பிலிருந்து நல்ல வேலமரக் கங்காகப் பொறுக்கி, தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலுக்குள் புதைத்து நீட்டினாள். "கொண்டு போங்க. கருப்பட்டிக் காபின்னா ரொம்பக் கொதிக்க விடாதீக, கசந்துரும். கெட்டுப்போன அந்தப் பொங்கலுக்கு என்னைக்காச்சும் ஒரு நா அரிசி பருப்பு வாங்கி வந்து குடுத்துட்டுப் போங்க."

அவள் சொன்னதை எழுதி வைத்துக்கொள். கருப்பட்டி முதலில் தண்ணீரில் முழுசாகக் கரைய வேண்டும். பிறகு சுக்கு. கடைசியில்தான் காபித்தூள். ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி வைத்தால் தூள் தானாக அடியில் தங்கும், வடிகட்டி சுமக்க வேண்டாம். பால் கொண்டுபோகாதே, மலையில் பாலைப் போல துரோகி கிடையாது. மூடியை ஒருபோதும் இறுக்கி அடைத்துக் கொதிக்கவிடாதே, ஆவிக்கு வழி இல்லையென்றால் அது சுடலையைவிடக் கோபக்காரனாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, எவ்வளவு குளிரடித்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதே. புகை தெரியாது, வாடை வராது, தூக்கம் மட்டும் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் அக்கினிச் சிங்கம் விடவில்லை, மகனே. வெளியே, காற்றுக்கு ஒரு கல்லை மறைப்பாக வைத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டே போடு.

கங்கு வந்தது, சுள்ளி பிடித்தது, தூக்குவாளி பாடத் தொடங்கியது. அந்த மணம் எழுந்தபோது கீழே சாத்தூர் வரைக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கினார்கள். உன் மாமனார் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார். ஒரு கொதி வந்தது. "இறக்கு மச்சான்" என்றேன். வாளியின் கம்பி சுட்டது. சுடலை பாறையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டிருந்த துண்டின் ஒரு முனையைக் கையில் சுற்றி, குனிந்து வாளியைத் தூக்கினான். இன்னொரு முனை கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

ஊரார் எல்லார் மடியையும் தடவினவன், தன் தோளைத் தடவவில்லை. குளித்தான், வேட்டி மாற்றினான், சட்டை மாற்றினான். முந்தின நாள் காலையில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் தோளில் கிடந்த அதே துண்டை, குளித்துவிட்டுத் திரும்பவும் எடுத்துப் போட்டுக்கொண்டான். வெள்ளி மருந்து, மத்தாப்புக்கு வெளிச்சம் தருகிற அலுமினியத் தூள், அதன் இழையெல்லாம் மாவு மாதிரி ஏறியிருந்திருக்கிறது.

பொறி பட்டது. வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம். தீ கோபுர உயரத்துக்கு எழும்பியது, பறந்துகொண்டிருந்த விமானம் ஒன்று ஒதுங்கிப் போனது. இதையெல்லாம் நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். அந்த நொடியில் நான் கண்டது சுடலையின் முகத்தை மட்டும்தான். அவன் கத்தவில்லை. வாளியைக் கீழே போடாமல், சிந்தாமல், பாறையில் நேராக வைத்தான். அதன் பிறகுதான் கழுத்துக்குக் கை போனது.

அப்போது உன் மாமனார் பாய்ந்தார். பாய்ந்து சுடலையைத் தரையில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்திலும் நெஞ்சிலும் மாற்றி மாற்றி அறைந்தார். எனக்கு அது தீயை அணைக்கிற அடி என்று புரியவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்ன ஆத்திரத்தை நேரம் பார்த்துத் தீர்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஆகவே நானும் பாய்ந்து, உன் மாமனாரின் வெற்றுத் தோளில் என் மிச்சமிருந்த பற்கள் எல்லாவற்றையும் பதித்தேன். அவர் என்னை உதறவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடித்த என்னைத் தோளில் சுமந்துகொண்டே எரிகிற துண்டைப் பிய்த்து எறிந்தார், சுடலையைப் பாறையில் உருட்டினார், திரும்பவும் அறைந்தார். காரியாபட்டிப் படை முழுக்க ஓடி வந்தது. அந்த அக்கா ஒரு அண்டா தண்ணீரை எங்கள் மூவர் மேலும் சேர்த்து ஊற்றினாள். பிறகு என் காதைப் பிடித்து இழுத்து உன் மாமனார் தோளிலிருந்து என்னைக் கழற்றினாள்.

"கடிக்கிற ஆளைப் பாரு. அவரு காப்பாத்துறாருய்யா."

சுடலை எழுந்து உட்கார்ந்தான். புருவம் இல்லை, முன்மயிர் இல்லை, கழுத்து சிவந்து கொப்பளித்திருந்தது. உயிர் இருந்தது. உன் மாமனார் அவனுக்கு எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவருடைய இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து, பார்க்க முடியாமல் இருந்தது.

"அண்ணாச்சி" என்றான் சுடலை. "காபி வரலையே. நாம யாரோ எவரோன்னு சொன்னீக."

"பேசாம இரும். கழுத்து எரியுதா?"

அவர்கள் இருவருக்கும் மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரில் வையுங்கள் என்று அக்கா சத்தம் போட்டாள். சுனைத் தண்ணீரில் கைகளையும் கழுத்தையும் நனைத்து நனைத்து வைத்து, ஈரத்துணி சுற்றி, எல்லோரும் ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆனது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அப்போது சுடலை எழுந்து போய்த் தூக்குவாளியிலிருந்து டம்ளரில் ஊற்றினான். கொண்டு வந்து உன் மாமனார் முன்னால் மண்டியிட்டான். அவர் கையை நீட்டப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. சுடலை டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனான்.

"கையில வாங்கணும்ல உங்க பழக்கம்?" என்றாள் அக்கா. அவளுக்குப் பெரிய கவலை அது.

"கையில குடுக்கணும்னுதான் எங்க பாட்டன் சொன்னாரு" என்றார் உன் மாமனார். "யாரு கையிலன்னு சொல்லல."

சாமி காரியத்தை என்னவென்று சொல்ல, மகனே. அத்தனை நேரம் பாறையில் கிடந்தும் அந்தக் காபி ஆறவே இல்லை. வேல்கம்பின் மகிமையால் ஆவி பறக்கப் பறக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. உன் மாமனார் மீசையை நனைத்து, ஊதி ஊதி, நிறுத்தி நிறுத்தி, முழு டம்ளரையும் குடித்தார். "நல்ல சூடு" என்றார். அந்த மலையிலிருந்து நாங்கள் சம்பந்திகளாக இறங்கினோம்.

இனி நீ கேட்பாய், அக்கினிச் சிங்கம் எங்கே முடிகிறது, புஸ்வாணம் எங்கே தொடங்குகிறது என்று. மேலே எழுதியதில் எதையும் நீ நம்ப வேண்டியதில்லை. காரியாபட்டிப் படை அறுபது பேர் இல்லை. கழுகு எதுவும் விழவில்லை. உன் மாமனாரிடம் கேட்டால், மலை இறங்கும்போது வழுக்கி விழுந்து பாறையில் கை உரசியது என்பார். சுடலையிடம் கேட்டால், கழுத்தில் வண்டு கடித்தது என்பான். தோளில் கடித்தது யார் என்று உன் அம்மா கேட்டபோது அவர்கள் இருவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்கள் சொல்வதையே நீயும் வைத்துக்கொள், எனக்கு மனஸ்தாபம் இல்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய். டம்ளரை நான்தான் சுடலைக்கு எடுத்துக் கொடுத்தேன், தொட்டுப் பார்த்தேன். அந்தக் காபி பச்சைத் தண்ணியாக ஆறியிருந்தது. உன் மாமனார் அதை ஊதி ஊதிக் குடித்தார்.

உன் அப்பா